பின்சீட்டு மாஸ்டர்

அந்த ஊரில் இரு சக்கர வண்டி ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மாஸ்டரின் மூச்சுக்காற்றைப் பிடரியில் வாங்கியவர்கள். பயிற்சிப் பள்ளியின் பழைய நூறு சிசி வண்டியில் கற்றுக்கொள்ள வந்தவரை முன்னால் உட்கார வைத்துவிட்டு இவர் பின்னால் ஏறிக்கொள்வார். கால்கள் இரண்டையும் அகட்டித் தரையை உரசுகிற மாதிரி தொங்கவிடுவார். கைகள் இரண்டையும் முன்னால் இருப்பவரின் தோளுக்கு இருபுறமும் தயாராக நீட்டிக்கொள்வார். பிறகு காதோரம் குனிந்து, எல்லோருக்கும் சொல்கிற அதே வாக்கியத்தைச் சொல்வார்.

"பயப்படாதீங்க, நான் பின்னாடிதான் இருக்கேன்."

வங்கி மேலாளர், கணக்கு டீச்சர், மளிகைக் கடைக்காரர் என்று யாராக இருந்தாலும் முன்சீட்டில் உட்கார்ந்த மாத்திரத்தில் வெலவெலத்துப் போவார்கள். மாஸ்டருக்கு அதைப் பார்த்தால் இளக்காரமாக இருக்கும். "வண்டி என்ன கடிக்கவா போகுது?" என்பார். எதிரே ஒரு கோழி வந்தாலும் சரி, கொட்டாவி விட்டபடி ஒருவர் குறுக்கே நடந்தாலும் சரி, "பிரேக்!" என்று ஒரு கத்தல். கத்திய கையோடு அவரே எட்டி முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்து, கால்களைத் தரையில் ஊன்றிவிடுவார். வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். முன்னால் இருப்பவருக்கு, தான்தான் நிறுத்தினோம் என்று ஒரு சந்தோஷம்.

வகுப்பு முடிந்ததும் பின்பக்கமாக வழுக்கி இறங்கி, டீ ஆறிவிடுமே என்று பள்ளியின் தகரக் கொட்டகையைப் பார்த்து விறுவிறுவென்று நடப்பார். நடந்துகொண்டே, திரும்பாமல், "ஸ்டாண்டைப் போடுங்க" என்பார். போட்டார்களா என்று ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. யாராவது கேட்டால், "நாம திரும்பிப் பார்த்தா அவங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்?" என்று டீயை உறிஞ்சுவார். இப்படியே காலம் ஓடிப் பெரிய பெயரும் வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் பின்சீட்டு மாஸ்டர் என்று ஒரு பட்டமும் வந்தது. அதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது பட்டம் வைத்தவர்களுக்கே தெரியாது.

மாஸ்டர் முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவதே கிடையாது. லைசென்ஸ் இருக்கிறது. ஆளில்லாத வேளையில் பயிற்சி வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவர தெருமுனையில் இருக்கும் பங்க் வரை போவார். அதோடு சரி. காலையில் மனைவி ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவாள், மாலையில் வந்து அழைத்துப் போவாள். அவள் முன்னால், இவர் பின்னால். "அவளுக்குக் கொஞ்சம் பழக்கம் வரட்டும்னுதான்" என்று கல்யாணமான புதிதில் சொன்ன காரணத்தை, மகள் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்த பிறகும் அதே முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். கணவர் கற்றுக்கொடுத்து அனுப்பியவர்களில் சிலரை அவள் அங்கே மறுபடி சந்திப்பதுண்டு. வீட்டில் அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டாள்.

பயிற்சிப் பள்ளி மனைவியின் அண்ணனுடையது. மச்சானுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது, வியாபாரம் தெரியும். ஊரில் பையன்கள் எல்லோரும் சின்ன வண்டியை விற்றுவிட்டுப் பெரிய வண்டி வாங்குகிறார்கள், வாங்கிவிட்டு ஓட்டப் பயப்படுகிறார்கள் என்பதை மோப்பம் பிடித்துவிட்டார். ஒரு காலை, பள்ளி வாசலில் ஐந்நூறு சிசி வண்டி ஒன்று வந்து இறங்கியது. கறுப்பு நிறம். இருநூறு கிலோ எடை. அதன் டேங்க்கே மாஸ்டரின் பழைய வண்டி அளவுக்கு இருந்தது.

"மாப்ளே, பெரிய வண்டிக்குத் தனி கோர்ஸ் ஆரம்பிக்கறோம். நீங்கதான் மாஸ்டர்" என்றார் மச்சான்.

"அதுக்கென்ன மச்சான், எல்லாம் ரெண்டு சக்கரந்தானே" என்றார் மாஸ்டர். வாய் இருக்கிறதே, அது எப்போதும் உடம்பைக் கேட்காமல்தான் பேசும்.

அன்றே போட்டோ எடுத்தார்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மாஸ்டருக்கு மச்சானின் மகனுடைய தோல் கோட்டை மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார வைத்தார்கள். எதிரே ஆபீஸ் டேபிள் ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. கோட்டின் விளிம்பு படபடவென்று பறக்க, மாஸ்டர் கண்ணை இடுக்கிக்கொண்டு தொலைதூரத்தைப் பார்த்தார். தொலைதூரத்தில் இருந்தது கழிவறைக் கதவு. மறுவாரமே பள்ளி வாசலில் ஆளுயரப் பலகை ஏறியது. 'பெரிய பைக்கா? பயம் எதற்கு?' என்று எழுத்து. அதன் கீழே காற்றைக் கிழித்துக்கொண்டு மாஸ்டர். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பழைய மாணவர்கள் போன் செய்து, "உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளா மாஸ்டர்!" என்றார்கள். மாஸ்டர் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

அதற்கப்புறம்தான் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள்.

பள்ளியின் பின்பக்கத் திடலில் மச்சானைத் தவிர யாருமில்லை. மாஸ்டர் ஏறி உட்கார்ந்து, கால்களை வழக்கம்போல அகட்டித் தொங்கவிட்டு, கிளட்ச்சை விட்டார். வண்டி நகர்ந்தது. சுவர் ஓரம் திரும்ப வேண்டும். ஹேண்டிலைத் திருப்பினார். சுவர் பக்கத்தில் வருவதுபோல் இருந்தது. "பிரேக்!" என்று தனக்குத்தானே கத்தி, முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தார். சின்ன வண்டியில் அந்தப் பிடிக்கு வண்டி நிற்கும். ஹேண்டில் திரும்பிய நிலையில் நத்தை வேகத்தில் போகிற பெரிய வண்டியில் அப்படிப் பிடித்தால், நின்றுவிட்டு உடனே படுத்துவிடும். படுத்தது. அதை நிமிர்த்த டீக்கடையிலிருந்து ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று.

மச்சான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தோளில் கையைப் போட்டு, "பரவால்ல மாப்ளே. வர்ற மாசம் தொடக்க விழா. அதுக்குள்ள பழகிக்கிட்டா நல்லது. இல்லைன்னா தாடி இருக்கான், அவனை வச்சுக்கறேன். நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்து அப்ளிகேஷன் குடுங்க. உங்களுக்கும் வயசாகுதில்ல, நிழல்ல இருக்கலாம்" என்றார்.

தாடி என்பவன் புதிதாக வேலைக்கு வந்த இளைஞன். கையுறை போட்டுக்கொண்டுதான் டீயே குடிப்பான். மாஸ்டருக்குத் தாடிகூட உறுத்தவில்லை. அந்த 'நிழல்ல' என்ற சொல்தான் முள்ளாகத் தைத்தது. வாழ்நாளெல்லாம் வெயிலில் நின்று அடுத்தவரைத் தைரியசாலி ஆக்கியவர், தன் ஆளுயரப் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து அப்ளிகேஷன் நீட்டுவதை நினைத்துப் பார்த்தார். சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த மனைவி, ஞாயிற்றுக்கிழமை காலை, "வாங்க, பழகலாம்" என்றாள்.

பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மரக் கிடங்கு இருந்தது. ஞாயிறு விடுமுறை. அதன் காவலாளி அவள் வார்டில் இடுப்பு எலும்பு கூடி வீடு திரும்பியவர், அதனால் கதவு திறந்துகொண்டது. ஆனால் அங்கே வரை வண்டி போக வேண்டுமே. மாஸ்டர் ஹெல்மெட், கையுறை, தோல் கோட்டு சகிதம் அதைத் தள்ளிக்கொண்டே போனார். எதிரில் வந்தவர்கள் எல்லோரிடமும், "பெட்ரோல் தீர்ந்துபோச்சு" என்றார். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் தீர்ந்தது. 'பெரிய வண்டின்னா இப்படித்தான் குடிக்கும்போல' என்று தெருவே உச்சுக்கொட்டியது. கடைசியில் மளிகைக் கடைக்காரர் ஒரு பாட்டில் பெட்ரோலைக் கொண்டுவந்து நீட்டிவிட்டார். அதை வாங்கி ஊற்றிக்கொண்டு, "கொஞ்சம் சூடு ஆறட்டும்" என்று சொல்லி மறுபடியும் தள்ளினார் மாஸ்டர்.

முதல் ஞாயிறு கிடங்கில் அவர் வண்டிமேல் உட்கார்ந்து வெகுநேரம் அசையவில்லை.

"எதுக்குங்க பயப்படறீங்க?"

"எனக்கென்ன பயம்?"

"அப்ப கை ஏன் நடுங்குது?"

"இன்ஜின் அதிர்வு."

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையே."

மாஸ்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊரில் வேறு யார் கேட்டிருந்தாலும் இன்னொரு பொய் தயாராக இருந்திருக்கும்.

"விழுந்துடும்" என்றார் கடைசியில்.

"விழுந்தா?"

"தூக்கணும். என்னால தூக்க முடியாது. ஆள் கூப்பிடணும். எல்லாரும் பார்ப்பாங்க."

"அவ்வளவுதானே? அப்ப முதல்ல தூக்கப் பழகுவோம். ஓட்டறது அப்புறம்" என்று சொல்லிவிட்டு, தன் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்திருந்த மூட்டையை அவிழ்த்தாள். வார்டில் கழித்துப்போட்ட பழைய மெத்தை. தரையில் விரித்து, "இதுமேல படுக்க வைங்க" என்றாள்.

"புது வண்டிம்மா!"

"படுக்க வைங்கன்னா வைங்க. நோயாளி புதுசா பழசான்னு நாங்க பார்க்கிறதில்லை."

படுக்க வைத்தார்கள். மாஸ்டர் குனிந்து ஹேண்டிலைப் பிடித்து, நரம்பு புடைக்க இழுத்தார். வண்டி சட்டை செய்யவில்லை. அவள் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"முதுகை வளைச்சு யாரையும் தூக்கக் கூடாதுன்னு எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுப்பாங்க. வண்டிக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. சீட்டுல ஒட்டி உட்காருங்க. ஒரு கை ஹேண்டில், ஒரு கை பின்னாடி கம்பி. இப்பக் கையை மறந்துடுங்க, தொடையால எழுந்திருங்க. அப்படியே சின்னச் சின்ன அடியா பின்னாடி போங்க. மெதுவா! எனக்கு உங்க முதுகு வேணும்."

முதல் முறை பாதி எழுந்தது. அடுத்த முறை முக்கால். மூன்றாம் முறை அந்தக் கறுப்புப் பூதம் முழுவதுமாக நிமிர்ந்து நின்றபோது மாஸ்டருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார். இடப்பக்கம் படுக்க வைத்துத் தூக்கினார், வலப்பக்கம் படுக்க வைத்துத் தூக்கினார். வலப்பக்கம் விழுந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை நீட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய்விடும் என்பதை அவரே கண்டுபிடித்துப் பெருமைப்பட்டார். அன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே இல்லை. பெரிய வண்டிப் பயிற்சியின் முதல் நாள் முழுக்க அவர் ஓட்டியது பூஜ்யம் அடி. ஆனாலும் ராத்திரி வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு ஸ்டார்ட் செய்தார்கள். அங்கேதான் வேடிக்கை. யாருக்காவது சொல்லிக் கொடுக்காமல் மாஸ்டருக்கு வண்டி ஓட்ட வரவில்லை. அதனால் தனக்கே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். "கிளட்ச்சை மெதுவா விடுங்க சார், அவசரப்படாதீங்க" என்பார் ஒரு குரலில். "சரி மாஸ்டர்" என்பார் இன்னொரு குரலில். காவலாளி தன் இடுப்பைத் தடவிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

கால்தான் மேலே ஏற மறுத்தது. "காலைத் தூக்கி மேல வைங்க. தரையைப் பிடிச்சுக்கிட்டே போறதுன்னா நடந்தே போகலாமே" என்றாள் மனைவி. வைத்த பிறகுதான் பின் பிரேக் தன் வலது காலுக்கடியிலேயே இருக்கிறது என்பது மாஸ்டருக்கு உறைத்தது. 'கால் பிரேக்கைப் பயன்படுத்துங்க சார்' என்று ஆயிரம் பேருக்குச் சொன்னவர்தான். அவருடைய கால் மட்டும் அந்தப் பக்கமே போனதில்லை. திருப்பத்தில் மறுபடியும் முன் பிரேக்கைப் பிடித்து விழுந்து, மெத்தைமேல் வண்டியோடு சேர்ந்து படுத்தபடி இதை யோசித்தார். அடுத்த சுற்றில் முன் பிரேக்கைத் தொடவில்லை, கிளட்ச்சையும் கால் பிரேக்கையும் பிடித்துக்கொண்டார். அவர் பார்வை சுவரை விட்டு, திரும்ப வேண்டிய பக்கம் போனது. வண்டியும் அந்தப் பக்கமே போனது.

மாத முடிவில் மெத்தைக்கு வேலை இல்லாமல் போயிற்று. எட்டுப் போட்டார். குறுகலாகத் திரும்பினார். ஒவ்வொரு சுற்றும் முடிந்து வந்து நிற்கும்போது மனைவி தண்ணீர் பாட்டிலோடு காத்திருப்பாள். நின்றதும் ஒரு கையால் வண்டியைப் பிடித்து, காலால் சைடு ஸ்டாண்டைத் தட்டிவிடுவாள். இவர் இறங்கித் தண்ணீர் குடிப்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலின் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடுகிற பழக்கத்தில் செய்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

தொடக்க விழா நாளில், வாசலில் இருந்த பலகையைத் திடலுக்குக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள். திடல் நிறைந்துவிட்டது. பழைய மாணவர்கள், புதிதாகச் சேர வந்தவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள். மச்சான் கையில் மைக். தாடி கையுறையோடு ஒரு ஓரத்தில் தயாராக நின்றான், எதற்கும் இருக்கட்டும் என்று மச்சான்தான் வரச் சொல்லியிருந்தார். மனைவி டியூட்டி உடையிலேயே வந்து கூட்டத்தில் நின்றாள்.

மாஸ்டர் ஓட்டினார். அதைச் சொல்லத்தான் வேண்டும், நன்றாகவே ஓட்டினார். வரிசையாக வைத்த பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே கால் கீழே படாமல் வளைந்து வளைந்து வந்தார். மூன்று வண்டி நீள இடத்தில் அரைவட்டம் அடித்தார். உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அதைப் பலர் மந்திரம் என்று நினைத்தார்கள். கடைசியாகத் தன் ஆளுயரப் போட்டோவுக்கு நேர் கீழே வண்டியைக் கொண்டுவந்து, கால் பிரேக்கில் பூப்போல நிறுத்தி, சாவியைத் திருப்பினார். கைதட்டல் காதைப் பிளந்தது. ஒரு வகுப்பு இவ்வளவு நன்றாக முடிந்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

வகுப்பு முடிந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். வழுக்கி இறங்கினார். கொட்டகையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். நடந்துகொண்டே, திரும்பாமல், கம்பீரமாகச் சொன்னார்.

"ஸ்டாண்டைப் போடுங்க."

முன்சீட்டில் யாரும் இல்லை. வண்டி யோசிப்பதுபோல ஒரு நொடி நிமிர்ந்து நின்றுவிட்டு, வலப்பக்கமாகச் சாய்ந்து தடாலென்று விழுந்தது.

கைதட்டல் அப்படியே அறுந்தது. மச்சானின் வாய் மைக்கின் முன் திறந்தபடி நின்றது. தாடி ஓர் அடி முன்னால் வந்தான். மாஸ்டர் திரும்பினார். அவர் எந்தக் காட்சிக்குப் பயந்து இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாரோ, அதே காட்சி, அத்தனை பேர் முன்னிலையில், அவருடைய போட்டோவுக்குக் கீழேயே. அடுத்த நொடி, இந்த வேலை தனக்குத் தெரியுமே என்று நினைவு வந்தது.

அவசரப்படாமல் நடந்து வந்தார். சைடு ஸ்டாண்டை நீட்டினார். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டை ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் இடம் பார்த்துப் பிடித்தார். தொடையால் எழுந்தார். சின்னச் சின்ன அடி. இருநூறு கிலோவும் ஓர் ஆளாக அவர் முதுகோடு எழுந்து, நீட்டிய ஸ்டாண்டில் பதவிசாகச் சாய்ந்து நின்றது. சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

கூட்டம் திடல் அதிரக் கைதட்டியது. மச்சானுக்கு வியாபாரம் தெரியும் என்று முன்பே சொன்னேன்.

"இதுதாங்க நம்ம பள்ளியோட முதல் பாடம்!" என்று மைக்கில் முழங்கினார். "விழாம ஓட்ட யார் வேணா கத்துக் குடுப்பாங்க. விழுந்தா தூக்க எங்க மாப்ளே மட்டும்தான்!"

அன்றே ஒரு மாதத்துக்கான இடம் நிரம்பிவிட்டது. தாடி தயங்கித் தயங்கி வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, "மாஸ்டர், எனக்கும் அதைச் சொல்லிக் குடுங்க. என் வண்டி விழுந்தா நான் ஆள் வர்ற வரைக்கும் போன் பேசற மாதிரி நடிச்சுக்கிட்டு நிப்பேன்" என்றான். மச்சான் பக்கத்தில் வந்து, "ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இதே மாதிரி ஒரு தடவை தள்ளிவிட்டுடுங்க மாப்ளே" என்று காதில் சொன்னார். உண்மையைச் சொல்ல மாஸ்டர் வாயெடுத்தார். கேட்க ஆளில்லை. அவர் நன்றாக ஓட்டியதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாலையில் கூட்டம் கலைந்தது. மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவளுடைய ஸ்கூட்டர் ஓரமாக நின்றது.

"கிளம்பலாமா? சாவியை எடு" என்றார்.

"ஸ்கூட்டர் இங்கேயே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் பெரிய வண்டியின் அருகில் போய் நின்றாள். கேட்கவில்லை, நின்றாள், அவ்வளவுதான்.

மாஸ்டர் முன்சீட்டில் உட்கார்ந்தார். அவள் பின்னால் ஏறி அவர் தோளில் கை வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவருடைய முதுகைப் பார்த்து உட்காருவது இதுவே முதல் தடவை. ஹேண்டிலில் இருந்த அவர் கை நடுங்கியது.

"இன்ஜின் அதிர்வா?" என்றாள்.

"இல்லை. பயமா இருக்கு."

"இப்ப என்னங்க பயம்? அவ்வளவு பேர் முன்னாடி ஓட்டினீங்களே."

"நீ பின்னாடி இருக்கியே" என்றார் மாஸ்டர்.

தோளில் இருந்த அவள் கை கொஞ்சம் அழுத்தியது. வண்டி கிளம்பியது. சைக்கிள்கள் முந்திக்கொண்டு போயின. மளிகைக் கடை வாசலில் அந்தக் கடைக்காரர், ஒருவழியாகப் பெட்ரோல் கிடைத்துவிட்டதே என்று மனதாரக் கையசைத்தார். மாஸ்டர் எதையும் பார்க்கவில்லை. பாதையை மட்டும் பார்த்தார். ஒவ்வொரு பள்ளத்தையும் நோயாளியைக் கட்டிலுக்கு மாற்றுவதுபோல ஏற்றி இறக்கினார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவள் முதலில் இறங்கினாள். பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள். நடந்துகொண்டே, "ஸ்டாண்டைப் போடுங்க" என்றாள்.

அவர் போட்டார். போட்டாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.